ஏழு குளத்து ராசாவும் என் சிவப்பு மையும்

"குலசேகரம்."

"வருவார்."

பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வரிசையில் முதலாவதாக நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெள்ளை. தேய்த்துக் கழுவியும் போகாத சுண்ணாம்பு அது.

"வருவாருன்னா எப்படீங்க? எங்க போயிருக்காரு?"

"வருவார், அம்மா."

அவ்வளவுதான் பதில். குரலில் பணிவு இருந்தது, ஆனால் அதற்குமேல் கேட்க இடம் கொடுக்காத பணிவு. கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

"தயாபரன்."

"இருக்கிறன்," என்றார் அதே மனிதர்.

சென்ற வாரப் பத்தியை, வருவாய்த்துறையில் எனக்கு மாறுதல் உத்தரவு வந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அந்த மாறுதலில் என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று, ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் உள்ளே தள்ளியிருந்த இலங்கைத் தமிழர் முகாமில் மாதம் ஒருமுறை பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பது. முகாம்காரர்கள் வாயில் அது 'செக்கிங்'.

முகாம் நடுவில் ஒரு புங்கமரம். அதன் அடியில் பால்வாடியிலிருந்து தூக்கி வந்த மேசை. காற்று தெற்கே திரும்பினால் கோழிப்பண்ணை வாடை மூக்கைத் துளைக்கும், வடக்கே திரும்பினால் கிழங்கு மாவு புளித்த வாடை. நடுவில் உட்கார்ந்து நான் பெயர் கூப்பிட வேண்டும்.

பதிவேட்டைப் புரட்டினேன். குலசேகரம், குடும்பத் தலைவர். எனக்கு முன்னால் இருந்தவர்கள் மாதாமாதம் அந்தக் கட்டத்தில் 'வெளியூர்' என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். இரக்கமா சோம்பலா என்று எனக்குத் தெரியவில்லை. தொடர்ந்து மூன்று செக்கிங்குக்கு ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி.

நான் விதிக்காரி. அலுவலகத்தில் எனக்குச் 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர் உண்டு. அது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ரிக் வண்டிக்காரர் பெண்டாட்டி

இங்கே என் ஊட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எழுதுவதை வாரம் தவறாமல் படித்துவிட்டு, "எம் மானத்தை வாங்கறதுக்குன்னே எழுதறயா?" என்று கேட்கிறவர். கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறவரும் அவர்தான்.

அவர் ரிக் வண்டியில் மேற்பார்வை வேலை பார்த்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் பக்கத்து வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஓர் ஊரில் பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். ஆடிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்தால் அவர் பையை அவிழ்க்கும் முன்பே கட்டும் நாள் வந்துவிடும்.

பால்காரர், பள்ளிக்கூடம், ஒழுகும் ஓடு, பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அத்தனையும் என் பாடு. "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரே பதில்தான். "வருவாரு, சாமி."

ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, "குடும்பத் தலைவர் யாருங்க?" என்று கேட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் பெயரைச் சொன்னேன். ஆறு மாதமாக அந்த வாசற்படியை மிதிக்காத மனிதரின் பெயர். அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதிகாரம் கைக்கு வந்தால் ஞாபகம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது.

ஏணியைப் பிடிக்க நாலு பேர்

அந்தச் சுண்ணாம்புக் கை மனிதர் யார் என்று எனக்கு முதலில் சொன்னவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். நில ஆவணத்தில் ஏதோ திருத்தம் கேட்டு வந்தவர், வேலை முடிந்ததும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டார்.

"ஏனுங்க அம்மா, அந்தக் கேம்ப்புலருந்து ஒருத்தரு எங்க பண்ணைக்குச் சுண்ணாம்படிக்க வாராருங்க. அவரு ராசாவாமுங்க. நெசமுங்களா?"

"யாரு, அவரே சொன்னாருங்களா?"

"அவரு வாயே தொறக்க மாட்டாருங்க. கூட வார ஆளுக சொல்றாங்க. அவரு ஏணியில ஏறுனா, நாலு பேரு சுண்ணாம்புத் தூரியைக் கீழ போட்டுட்டு ஓடியாந்து ஏணியப் புடிக்கறாங்க. நான் ஏறுனா எம்பட சொந்தத் தம்பிகூடப் புடிக்கறதில்லீங்க."

பள்ளியில் படிக்கும்போது ஆத்தூர்க் கோட்டைக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். இடிந்த சுவரைச் சுற்றிக் காட்டிய ஆசிரியரிடம், "ராசா எங்க சார்?" என்று கேட்டேன். செத்துப்போய்விட்டார் என்றார். "அவரு புள்ளை?" அவரும்தான் என்றார். "அந்தப் புள்ளைக்குப் புள்ளை?" அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "போயி புளிச்சோறு சாப்பிடு போ," என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இத்தனை வருடம் கழித்து எனக்குக் கிடைத்தது. கோழிக்கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்.

மிச்சக் கதையைச் சொன்னது பாக்கியம். செக்கிங் நாளில் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவருகிற பெண்மணி. ஐம்பது வயதுக்காரி. ஒரே மகனைச் சண்டையில் தொலைத்தவள். அவன் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

"எங்கட பக்கம் முழுக்கக் காடும் குளமும், அம்மா. ஏழு குளம். குளத்துக்கு ஒரு ஊர். ஏழுக்கும் பெரியையாதான் ராசா. வெள்ளைக்காரன் பட்டத்தைப் பறிச்சுப் போட்டான். மரியாதையைப் பறிக்க அவனுக்கு ஏலேல்லை."

பெரியையா என்றால் குலசேகரம். மகன் தயாபரனை எல்லோரும் சின்னையா என்றார்கள். சண்டை நெருங்கி, வானத்திலிருந்து குண்டு விழத் தொடங்கியபோது ஏழு ஊரும் கடற்கரைக்கு நடந்தது. பெரியவர் மட்டும் வரவில்லை. விதைப்புக் காலத்தில் முதல் குளத்து மதகை அவர் கையால் திறந்தால்தான் மற்ற ஆறும் திறக்கும். அது அவர்கள் வழக்கம்.

"சனத்தோட நீ போ. குளத்தோட நான் நிக்கிறன்," என்று மகனிடம் சொன்னாராம்.

இந்தக் கரையில் இறங்கியதும் ஒரு குமாஸ்தா மேசை போட்டு, குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டிருக்கிறார். தயாபரன் அப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு தன் பெயர், மனைவி பெயர், மகள் பெயர். அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் தன்னைத் தலைவன் என்று சொல்வது அவர்கள் பக்கத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். பெரியவர் அந்தக் கூட்டத்தில் எங்கோ நிற்கிறார் என்று நினைத்துக் குமாஸ்தாவும் எழுதிக்கொண்டார். அப்படித்தான், கடலைத் தாண்டாத ஒரு மனிதர் எங்கள் பதிவேட்டில் குடியேறினார்.

அவர் பங்கு அரிசியைத் தயாபரன் ஒருமுறைகூட வாங்கவில்லை. அதையும் நான் பிறகுதான் பார்த்தேன்.

பிடி அரிசி

ரேஷன் அரிசி போட்ட நாளன்று முகாமில் ஒரு விசேஷம் நடக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தர் அந்தப் புது அரிசியில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு தயாபரன் வீட்டு வாசலுக்குப் போவார்கள். வாசலில் ஒரு வாளி இருக்கும். அதில் போட்டுவிட்டு வருவார்கள்.

அங்கே, அறுப்பு முடிந்ததும் முதல் பிடி நெல் ராசா வீட்டுக்குப் போகுமாம். இங்கே அறுப்பு ஏது? ரேஷன் கடைதான் வயல். மானிய அரிசியில் கப்பம் கட்டுகிற ராஜ்யம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை அந்த அரிசி கஞ்சியாகும். தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், கொஞ்சம் உப்புத் தூக்கலாக. முதலில் நோயாளிகள், பிறகு பிள்ளை பெற்றவர்கள், பிறகு குழந்தைகள், பிறகு மற்றவர்கள். அகப்பையைப் பிடித்து ஊற்றுகிறவர் தயாபரன். கடைசியாக ராசா சாப்பிட வேண்டும். அதுதான் முறை.

தயாபரன் சாப்பிடமாட்டார். பானையைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிடுவார்.

"நீங்க குடிக்கலீங்களா?" என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். என் கையில் இரண்டாவது டம்ளர்.

"இது ஐயாவுக்கு வந்த அரிசி, அம்மா. அவர் இருக்கேக்கை நான் எப்பிடி வாய் வைக்கிறது?"

ராசாவாக இருப்பதில் அவருக்குத் தொந்தரவுதான் அதிகம். குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனால் பெண்கள் வழிவிட்டுப் பின்னால் போவார்கள். அவர் அவர்களுக்கும் பின்னால் போய் நிற்பார். அவர்கள் இன்னும் பின்னால் போவார்கள். இந்த மரியாதையில் ஒருநாள் குழாயில் தண்ணீரே நின்றுபோய்விட்டது. பாக்கியம் இதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த முகாமில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கோடு

அந்த வருடம் அங்கே சண்டை முற்றியது. போன்கள் ஊமையாயின. சாயங்காலம் முகாமுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வீட்டிலும் டிவி முன்னால் கூட்டம். சமையல் வாசனையே வராது. ஏழு குளத்திலிருந்து பல மாதமாக ஒரு வார்த்தை இல்லை.

அதே சமயத்தில்தான் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றப் போகிறோம், அதற்குள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து வையுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. எனக்குப் பிடித்த வேலை. புதிதாக ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன். ஒரு அடிக்கோலும் எடுத்துக்கொண்டேன்.

"குலசேகரம்."

"வருவார்."

நான் வந்ததிலிருந்து இது மூன்றாவது பெருக்கல் குறி. அடிக்கோலை வைத்து அந்தப் பெயரின் மேல் கோடு இழுத்தேன். நேரான கோடு, எழுத்து ஒன்றுகூடத் தப்பவில்லை. கீழே தயாபரன் பெயருக்கு எதிரே 'குடும்பத் தலைவர்' என்று எழுதினேன்.

தேநீர் டம்ளரோடு என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள் பாக்கியம். "அம்மா, பெரியையாவை என்னத்துக்குச் சிவப்பால வெட்டினீங்கள்?"

"ரூல்சுங்க," என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் நூற்றுக்கு மேல் பெயர்கள் இருந்தன.

"தயாபரன்."

மறுபடி கூப்பிட்டேன். "இருக்கிறன்," என்று மெதுவாக வந்தது. அவர் பார்வை என் முகத்தில் இல்லை, பேனாவில் இருந்தது.

அன்று வரிசை மிகவும் அமைதியாக நகர்ந்தது. ஆஹா, இன்று என்ன ஒழுங்கு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தோரணம் என்று நினைத்தேன்

அந்த வெள்ளிக்கிழமை சில கையெழுத்துகள் வாங்க மறுபடி போனேன். முகாம் நுழைவிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு கட்டி, குருத்தோலை தொங்கவிட்டிருந்தார்கள். யாருக்கோ கல்யாணம், நமக்குச் சொல்லவில்லை பார் என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே போனேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

குருத்தோலைகளுக்கு நடுவில் வெள்ளைத் துணிகளும் தொங்கின. அது அவர்கள் சாவுக்குக் கட்டுவது.

புங்கமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. பெண்களின் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. நடுவில் தயாபரன், தலையை மழித்திருந்தார். மழித்த தலையில் ராசாவுக்குக் கட்டும் வெள்ளைத் தலைப்பாகை. முன்னால் ஒரு கிண்ணத்தில் கஞ்சி. எல்லோரும் குடித்து முடித்திருந்தார்கள். அவர் மட்டும் பாக்கி.

பாக்கியம் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது.

"நீங்கள் நல்லவ, அம்மா. வாயால சொல்ல மனம் வராமத்தானே பேசாமப் போனீங்கள்."

"என்ன சொல்றீங்க, பாக்கியம்?"

"எங்கட ஊரில விதானையார் செத்தவையின்ர பேரைத்தான் சிவப்பால வெட்டுறவர். வேற ஒண்டுக்கும் சிவப்பை எடுக்கமாட்டார். நீங்கள் வெட்டேக்கை நான் கண்டனான். அரசாங்கத்துக்குத் தெரியாமலோ வெட்டுவீங்கள்?"

விதானையார் என்றால் அவர்கள் ஊர்க் கிராம அலுவலர். எங்கள் அலுவலகத்தில் சிவப்பு மைக்கு அப்படியொரு மரியாதை கிடையாது. மாறுதலுக்குச் சிவப்பு, எழுத்துப் பிழைக்குச் சிவப்பு, கூட்டல் தப்பினால் சிவப்பு. அன்று என் கைப்பையில்கூட அந்தப் பேனா இருந்தது.

நேரே தயாபரனிடம் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் துக்கம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"சாமி, பெரிய தப்பு நடந்துபோச்சுங்க," என்றேன் தணிந்த குரலில். "எனக்கு ஒரு சேதியும் வரலீங்க. மூணு செக்கிங்குக்கு ஆள் வரலீன்னா பேரை அடிக்கோணும். அதுக்குத்தான் அடிச்சேன். உங்கப்பா இருக்காரா இல்லையான்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

கிண்ணத்துக்குப் போன கை பாதியில் நின்றது.

அந்த முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு குழந்தையின் சந்தோஷம். பிறகு அதை அவரே அடக்கிக்கொண்டார்.

"வேற ஆருக்கும் சொன்னீங்களோ?"

"இல்லீங்க. இப்பவே எந்திரிச்சுச் சொல்லிடறேன்."

"வேண்டாம். இருங்கோ." அவர் கண் கூட்டத்தின் பக்கம் போனது. "பாக்கியமக்காவைப் பாருங்கோ. மகன் எங்கயெண்டு தெரியாமல் மூண்டு வருசம். அழுதால் அவன் செத்ததாப் போயிடும் எண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தவ. நேற்று ஐயாவைச் சொல்லிச் சொல்லி அழுதா. ஐயாவுக்கு மட்டுமோ அழுதவ? இஞ்ச இருக்கிற எல்லாரும் அப்பிடித்தான். இப்ப போய் அது பிழை எண்டு சொன்னால், அழுததை எங்க கொண்டுபோய் வைக்கிறது, அம்மா?"

"அப்ப நீங்க?"

"ஐயா இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். அது எனக்குப் போதும்." தலைப்பாகையை ஒரு கையால் சரிசெய்துகொண்டார். "சனத்தோட போ எண்டுதான் அவர் சொன்னவர்."

கிண்ணத்தை எடுத்தார். அப்பாவுக்கு வந்த அரிசி அது. எத்தனையோ வருடம் தொடாத அரிசி. கடைசி வாய் வரைக்கும் குடித்தார். கூட்டம் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். பட்டம் என்பது எவ்வளவு பாரம் என்று அன்று ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ராசிபுரம் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நடத்துநர் சில்லறை கேட்காமலே போய்விட்டார்.

தினமும் ஒரு போன்

அந்தப் பொங்கலுக்கு வந்தபோது ஊட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் கேலி பேசுகிற மனிதர்தான் அவர். திரும்பி வேலைக்குப் போனபின், தினம் சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு போன் வரும். "நாந்தான். இருக்கறேன். வெச்சரட்டுமா?" அவ்வளவுதான் பேச்சு. வேலையிலிருந்து நிற்கும்வரை அவர் அதை விடவில்லை.

முகாமில் மாதங்கள் போயின. "தயாபரன்" என்று முதலாவதாகக் கூப்பிடுவேன். "இருக்கிறன்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் கடைசியாகக் கஞ்சி குடித்தார். ஆள் மட்டும் மெலிந்துகொண்டே வந்தார். உயிரோடு இருக்கும் அப்பாவின் தலைப்பாகையைத் திருடிக் கட்டியிருக்கிறோம் என்ற நினைப்பு அவரைத் தின்றது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த திருட்டு. அதில் பாதிப் பங்கு என்னுடையது.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் தனியாகப் பார்த்தேன். "ஏதும் அறிஞ்சீங்களோ?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன், இல்லை என்று. அவரும் தலையசைத்துவிட்டு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

சண்டை ஒருவழியாக ஓய்ந்தது. அது எப்படி ஓய்ந்தது என்பதை எழுத எனக்குத் தகுதி இல்லை. ஓய்ந்து பல மாதம் கழித்து, கோழிப்பண்ணைக்காரரின் செல்போனுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. யார் யாரிடமோ நம்பர் வாங்கி, இலங்கையில் கம்பிவேலி முகாம் ஒன்றிலிருந்து பேசியவர், "என்ரை பெடியன் தயாபரன் அங்க நிக்கிறானோ?" என்று கேட்டாராம்.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க," என்று பண்ணைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். "போனைக் கொண்டுபோயி ஏணி மேல நின்னவருகிட்டக் குடுத்தேன். காதுல வெச்சவரு, அப்படியே ஏணியில உக்காந்துட்டாருங்க. அன்னைக்கு நானும் போயி ஏணியப் புடிச்சேனுங்க."

வந்தவர்

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று பெரியவர் வந்து சேர. கண் வைத்தியத்துக்கென்று விசா எடுத்து வந்தார். உயரமான மனிதர், கையில் ஒரு தடி. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்.

முகாம் தவித்துப்போனது. கருமாதி முடித்த மனிதரை எப்படி வரவேற்பது? பாக்கியம்தான் முதலில் ஓடிக் காலில் விழுந்தாள்.

"எனக்கு அழுதனீங்களாமே," என்றார் பெரியவர். "நல்லாத்தான் அழுதனீங்களோ?"

"நல்லா அழுதனாங்கள், ஐயா."

"அது போதும்," என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தன.

தயாபரன் தலைப்பாகையை அப்பாவின் காலடியில் வைத்தார். என் கோட்டைப் பற்றிய உண்மையையும் அன்றுதான் எல்லோர் முன்னாலும் சொன்னார். என்னைக் காப்பாற்றித்தான் சொன்னார். "தெரிஞ்சும் கட்டினன், ஐயா. பிழை என்னில."

பெரியவர் குனிந்து அதை எடுத்தார். தூசி தட்டினார். திரும்ப மகன் தலையிலேயே வைத்தார்.

"குளத்தைப் பாக்கிறன் எண்டு நிண்டன். குளம் போயிட்டுது. சனத்தைப் பாக்க நீ வந்தாய், சனம் இருக்குது. பிறகென்ன கதை?"

அந்த வெள்ளிக்கிழமை, கடைசியாகக் குடிக்க மகன் காத்திருந்தார். பெரியவர் குழந்தைகளின் பந்தியில் உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

அடுத்த செக்கிங் நாள் வந்தது. விசாவில் வந்தவர்களுக்குப் பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். ஆனாலும் வந்தார். சலவை வேட்டி கட்டி, தடியை ஊன்றி, மகனுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பெயர்களைக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். கடைசிப் பெயரும் முடிந்தது. அவர் நகரவில்லை. மகனும் நகரவில்லை.

அலுவலகத்தில் எல்லாம் கணினிக்குப் போயிருந்தாலும், மரத்தடிக்கு அந்தப் பழைய பெரிய புத்தகம்தான் வரும். பின்னால் புரட்டினேன். அந்தப் பக்கம் இருந்தது. அடிக்கோல் வைத்து இழுத்த என் கோடு மங்காமல் இருந்தது. கோட்டுக்கு அடியில் பெயர் தெரிந்தது.

பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"குலசேகரம்."

"வந்திட்டன், பிள்ளை."

அந்தக் கட்டத்தில் டிக் போட இடமில்லை. கோட்டின் மேலேயே போட்டேன்.

பிறகு ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? அடிச்ச பேருக்கு ஆஜர் போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க சார்," என்றேன். "ஆள் வந்திருந்தாருங்க."